வாயற்ற நோயாளியின் சாட்சி

அரபு மொழியில் கால்நடை மருத்துவருக்குப் 'பைத்தார்' என்று பெயர். 14-ஆம் நூற்றாண்டிலேயே கெய்ரோவில் அபூபக்ர் அல்பைத்தார் என்பார் குதிரை மருத்துவ நூல் யாத்தார். மாட்டு வெக்கை நோய் உலகினின்றே ஒழிந்ததென 2011-இல் அறிவிக்கப்பட்டதும் இத்துறையினரின் உழைப்பாலன்றோ? நம்மவர் சிலரோ 'மாட்டு டாக்டர்' என்று ஏளனமாகப் பேசுகின்றனர்!

உத்திரமேரூர்க் கால்நடை மருத்துவமனையில் வயிறு உப்பிய வெள்ளாடொன்றைக் கண்டேன். "என்னம்மா தின்றது?" என்று மருத்துவர் வினவ, "புல்தான் சார்" என்றார் ஆட்டுக்காரப் பெண்மணி. ஏச்சுக்கு அஞ்சினார் போலும். உடன் வந்த சிறுவன்தான், "வலீமாச் சோறு தின்னுச்சு" என்று உண்மையை உரைத்தான். அதன் பின்னரே தக்க சிகிச்சை தொடங்கிற்று.

அளவுக்கு மிஞ்சித் தின்ற சோறு ஆட்டின் இரைப்பையில் விரைந்து புளித்து அமிலமாகிறது. அவ்வமிலம் இரத்தத்திலும் கலந்து உயிரைக் குடிக்கும். தொடக்கத்திலேயே கொண்டு வந்தால் ஆப்பச் சோடாக் கரைசலும் ஊசி மருந்தும் காப்பாற்றக்கூடும். 'புல்' என்று சொல்லிக் கழிக்கும் ஒவ்வொரு நாழிகையும் ஓர் ஏழை வீட்டின் முதலைக் கரைக்கிறது.

தன் பசியையும் ஓயாத உழைப்பையும் அண்ணல் நபி (ஸல்) அவர்களிடம் ஒட்டகமொன்று முறையிட்ட ஹதீஸ் நாம் அறிந்ததே. அம்மொழியறிவு மருத்துவருக்கு அருளப்படவில்லை. தெர்மாமீட்டரும் கைவிரலும் சொல்வது பாதி. மீதிக்கு நம் நாவே சாட்சி.

விருந்து நாளில் மிஞ்சும் சோற்றை ஆடு எட்டாதபடி மூடி வையுங்கள். தின்றுவிட்டாலோ, எப்போது, எவ்வளவு என்பதை மறைக்காமல் சொல்லுங்கள். ஆட்டைக் கொண்டு செல்ல இயலாதோர் 1962 என்ற கட்டணமில்லாத் தொலைபேசி எண்ணை அழைக்கலாம்.