ஹார்ட் அட்டாக் இல்லை, கண்ணுகளா!



"டீச்சருக்கு ஹார்ட் அட்டாக்காம், ஸ்டென்ட் வெச்சிருக்காங்களாம்" என்று செய்தி பரவி, ஒரு வாரமாக ஓயாமல் போன். தனித்தனியாகப் பேச மூச்சு போதவில்லை. அதனால் எல்லோருக்குமாக எழுதுகிறேன்.

ஸ்டென்ட் வைத்தது உண்மை. ஆனால் இதயத்தின் ரத்தக்குழாயில் அல்ல, நுரையீரலுக்குப் போகும் ரத்தக்குழாயில்.

1984-ல் எனக்குக் காசநோய் வந்தது மூத்த மாணவர்களுக்கு நினைவிருக்கும். மருந்து சாப்பிட்டுக் குணமாகிவிட்டது. கிருமி போனது, தழும்பு நின்றுவிட்டது. இரண்டு நுரையீரலுக்கும் நடுவே, பெரிய ரத்தக்குழாய்களை ஒட்டி நெறிக்கட்டும் இடங்கள் உண்டு. அங்கே காசநோய் வந்து ஆறினால், மிகச் சிலருக்கு அந்தத் தழும்பு பல வருடம் கழித்து இறுகி, பக்கத்துக் குழாய்களை நெரிக்கும். அமெரிக்காவில் இதே தொல்லைக்குப் பெரும்பாலும் ஹிஸ்டோபிளாஸ்மா என்ற பூஞ்சை காரணம். நம் நாட்டில் காசநோய்தான் முக்கியக் காரணம்.

மாரடைப்பில் அடைப்பு குழாய்க்கு உள்ளே வருவது. இது, தண்ணீர் ஓடும் ஹோஸை வெளியிலிருந்து மிதிப்பது போல. எனவே பூண்டுப்பால், வெந்தயம் என்று குறிப்பு அனுப்பியவர்களுக்கு நன்றி. இதற்கு அது உதவாது.

இறுகிய தழும்பைக் கரைக்க மருந்து இல்லை. அறுத்து எடுக்கலாம் என்றால், குழாயோடு ஒட்டிக் கிடப்பதால் ரத்தப்போக்கு ஆபத்து. அதனால் தொடை ரத்தக்குழாய் வழியே மெல்லிய குழாயைச் செலுத்தி, இதயத்தின் வலப்பக்கம் கடந்து போய், பலூனால் விரித்து, கம்பி வலையை வைத்தார்கள். தழும்பு அப்படியேதான் இருக்கிறது, வழி மட்டும் திறந்திருக்கிறது. மறுபடி சுருங்கலாம் என்று டாக்டர் மறைக்காமல் சொன்னார். மாத்திரையும் அடுத்தடுத்த ஸ்கேனும் தொடரும். இன்று மாடிப்படி நின்று நின்றாவது ஏறுகிறேன்.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். கல்யாணப் பேச்சு கெடும் என்று நம் வீடுகளில் காசநோயை மறைத்து, பிறகு மறந்தும்விடுகிறோம். மூச்சு வாங்கினால் வயசுக்கோளாறு, ஆஸ்துமா என்று நீங்களே முடிவு கட்டாதீர்கள். நாற்பது வருடம் முந்தியதானாலும் டாக்டரிடம் சொல்லுங்கள். நான் சொன்ன பிறகுதான் மருந்து ஏற்றி சிடி எடுத்தார்கள்; காரணம் அதில்தான் பிடிபட்டது.

போன் வேண்டாம், எழுதுங்கள். எழுத்துப்பிழை இருந்தால் திருத்துவேன்!