ஓடாத நாளையும் எழுதுங்கள்

ஸ்ரீவில்லிபுத்தூர் என்று தமிழில் டைப் செய்து தேடினால், அந்த ஊரைப் பற்றிய செய்திகளில் ஒரு பகுதி அகப்படாமலே போகலாம். முதலெழுத்தான 'ஸ்ரீ'தான் காரணம். யூனிகோடில் அதை இரண்டு விதமாக அமைக்கலாம். 'ஸ்' போட்டு 'ரீ' சேர்ப்பது பழைய வழி. 2005-இல் வந்த யூனிகோட் 4.1 பதிப்பில் 'ஶ' எழுத்துக்கு இடம் கிடைத்த பிறகு, அதைக் கொண்டு அமைப்பதே முறை என்றானது. பழக்கம் மட்டும் மாறவில்லை. இன்றும் இரண்டும் புழங்குகின்றன. பெரும்பாலான எழுத்துருக்களில் இரண்டும் திரையில் ஒரே மாதிரிதான் தெரியும். கம்ப்யூட்டருக்கு அவை வேறு வேறு சொற்கள்.

'கொ' போன்ற எழுத்துகளிலும் இந்தத் தொல்லை உண்டு. கொம்பையும் காலையும் ஒரே குறியாக வைக்கலாம், பிரித்தும் வைக்கலாம். ஆனால் அவை சமம் என்று யூனிகோட் விதியே சொல்லிவிடுவதால், நார்மலைசேஷன் என்ற ஒரே கட்டளையில் சரியாகிவிடும். 'ஸ்ரீ'க்கு அப்படி ஒரு விதி கிடையாது. நாமேதான் தேடிப் பிடித்து ஒன்றாக்க வேண்டும்.

ஆடிப்பூரத் தேரோட்டச் செய்திகளைத் திரட்டி, ஊர்ப்பெயர்களை எண்ணிக்கொண்டிருந்தபோது இது எங்கள் கண்ணில் பட்டது. பட்டியலில் ஸ்ரீவில்லிபுத்தூர் இரண்டு இடத்தில், இரண்டு எண்ணிக்கையோடு நின்றது. "ரெண்டும் ஒண்ணுதானே சார், ஏன் தனித்தனியா வருது?" என்று கேட்டாள் என்னிடம் ஆய்வு செய்யும் மாணவி. முன்னும் பின்னும் இடைவெளி ஒட்டியிருக்கிறதா என்று பார்த்தோம். இல்லை. புரோகிராமில் பிழையா என்று பார்த்தோம். அதுவும் இல்லை. கடைசியில் ஒரு பழைய எழுத்துருவுக்கு மாற்றியபோது, ஒன்று மட்டும் எழுத்துக்குப் பதில் கட்டமாகத் தெரிந்தது. அங்கேதான் பிடிபட்டது. அதற்குள் பொழுது சாய்ந்துவிட்டது.

ஆய்விதழுக்கு அனுப்பிய பேப்பரில் இதற்குக் கிடைத்த இடம் ஒரு வரி: உரை சீர்செய்யப்பட்டது. இதழ்களுக்குப் பக்கக் கட்டுப்பாடு உண்டு, மதிப்பிடுகிறவர் கேட்பதும் முடிவைத்தான். அதில் தவறில்லை. ஆனால் நாளை தமிழ் உரையில் கைவைக்கப்போகிற பிள்ளைக்கு வேண்டியது அந்த ஒரு வரி இல்லை, அந்தச் சாயங்காலம் முழுவதும். அது என் நோட்டில் இருக்கிறது. கணினி ஆய்வில் இருக்கிற ஒவ்வொருவரும் பேப்பருக்கு வெளியே, தன் பெயரில், தேதி போட்டு இப்படி எழுதிவர வேண்டும்; எழுதியதைப் பிறர் படிக்கக் கொடுக்கவும் வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

எங்கள் துறையில் இதற்கு எட்ஸ்கர் டைக்ஸ்ட்ராவை மிஞ்ச ஆளில்லை. ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு மிகக் குறுகிய பாதையைக் கண்டுபிடிக்க அவர் 1959-இல் வெளியிட்ட முறையைப் படிக்காமல் எந்தக் கணினி மாணவரும் பட்டம் வாங்குவதில்லை. அவர் தம் பெயரின் முதலெழுத்துகளையும் ஒரு வரிசை எண்ணையும் போட்டு 1,300-க்கும் மேற்பட்ட குறிப்புகளை எழுதினார். பெரும்பகுதி பேனாவால் எழுதியவை. நிரூபணங்கள், பயணக் குறிப்புகள், பாடம் நடத்துவது பற்றிய யோசனைகள், சில சமயம் கோபம். எழுதி ஜெராக்ஸ் எடுத்துச் சில நண்பர்களுக்கு அனுப்புவார். அவர்கள் மறுபடி ஜெராக்ஸ் எடுத்து மற்றவர்களுக்கு அனுப்புவார்கள். 2002 ஆகஸ்டில் இறந்தார். அந்த ஆண்டு ஏப்ரல் வரைக்கும் எழுதியிருக்கிறார்.

நம் ராமானுஜனின் நோட்டுகளை நினைத்தால் எனக்கு மனம் கனக்கும். காகிதம் வாங்க வசதியில்லாமல் சிலேட்டில் போட்டுப் பார்த்து, முழங்கையால் அழித்துவிட்டு, விடையை மட்டும் நோட்டில் ஏற்றினார். அந்த நோட்டுகளில் 3,000-க்கும் மேற்பட்ட முடிவுகள் இருக்கின்றன. வழி பெரும்பாலும் இல்லை. அவற்றுக்கு நிரூபணம் தேடித் தொகுத்த புரூஸ் பெர்ண்ட்டின் ஐந்து தொகுதிகள் 1985-இல் தொடங்கி 1998-இல்தான் முடிந்தன. சிலேட்டில் அழிந்தது எதுவென்று இனி யாராலும் சொல்ல முடியாது. காகிதம் மலிந்த காலத்தில், விடையை மட்டும் வைத்துக்கொண்டு வழியை நாமே அழிப்பதற்கு எந்த நியாயமும் இல்லை.

ராஜபாளையத்துக்காரர்களுக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. 1936-இல் பி.ஏ.சி. ராமசாமி ராஜா ராஜபாளையம் மில்ஸைத் தொடங்கிய காலத்திலிருந்து நூற்பாலைகளால் வளர்ந்த ஊர் இது. என் அப்பாவும் மில்லில் இருந்தவர்தான். ஷிஃப்ட் முடிந்தால் எந்த ரிங் ஃபிரேம் நின்றது, எவ்வளவு நேரம், எதனால் என்று நோட்டில் எழுதிவிட்டுத்தான் வீட்டுக்குக் கிளம்புவார். ஓடிய மிஷினைவிட நின்ற மிஷினைப் பற்றித்தான் அதில் அதிகம் இருக்கும். அடுத்த ஷிஃப்ட்டுக்கு வருகிறவர் முதலில் அதைத்தான் புரட்டுவார். ஆய்வுக்கூடத்தில் மட்டும் நின்றுபோனதை மறைக்கிறோம்.

தமிழில் எழுதச் சொல்வதற்கும் காரணம் உண்டு. எழுத்தாளர் சுஜாதா பாரத் எலெக்ட்ரானிக்ஸில் பொறியாளராக இருந்துகொண்டே பத்திரிகைகளில் எழுதியதைப் படித்துக் கம்ப்யூட்டர் பக்கம் வந்தவர்கள் என் தலைமுறையில் ஏராளம். முடிந்த அறிவியலை அவர் சொன்னார். முடியாத வேலையை, நடுவில் நிற்கிற வேலையைத் தமிழில் சொல்கிறவர்கள் இன்னும் குறைவு. இன்னொன்று: நம் முறை சிறந்தது, வேகமானது என்று ஆங்கில பேப்பரில் பழகிய சொற்களைப் போட்டுத் தாண்டிவிடலாம். தமிழில் உட்கார்ந்து எழுதினால், எதைவிட வேகம், எவ்வளவு வேகம் என்று வரிக்கு வரி நம்மை நாமே கேட்டுக்கொள்ள நேர்கிறது.

வேலையை யாராவது திருடிவிடுவார்கள் என்று பயப்படுகிறார்கள் மாணவர்கள். தேதியோடு நாலு பேர் படித்த எழுத்து, அந்த வேலை உங்களுடையது என்பதற்குச் சாட்சி. பேட்டன்ட் எடுக்கப்போகிற வேலையை மட்டும் விண்ணப்பம் போடும்வரை வெளியே காட்டாதீர்கள். முன்பே வெளியானதைப் புதியது என்று பொதுவாக ஏற்க மாட்டார்கள்.

கிருஷ்ணன்கோவில் கலசலிங்கம் பல்கலைக்கழகத்திலும் ராஜபாளையம் ராம்கோ கல்லூரியிலும் கம்ப்யூட்டர் படிக்கிற பிள்ளைகளுக்கு ஒரு வேண்டுகோள். சென்னை மாகாணத்தின் முதலமைச்சராக இருந்த குமாரசாமி ராஜா தம் வீட்டையே கொடுத்து உண்டாக்கிய காந்தி கலைமன்றம் நம் ஊரில் இருக்கிறது. மாதத்தில் ஒரு சாயங்காலம் அங்கே கூடுவோம், இடம் கேட்டு வாங்குவது என் பொறுப்பு. ஆளுக்கு இரண்டு பக்கம் எழுதிக்கொண்டு வாருங்கள். எந்த வேலை நின்றுபோனதோ, அதைப் பற்றிய பக்கத்தை முதலில் படியுங்கள்.