சிற்றுயிர்களும் ஒரு சிறுமியின் கேள்வியும்

கோடை விடுமுறை வந்துவிட்டால், நம் குடும்பங்களில் பல ஏதேனும் ஒரு மலைவாசஸ்தலத்திற்குப் பயணம் புறப்படுவது வழக்கமாகிவிட்டது. ஏரியிலே படகுச் சவாரி, மலை முகட்டில் நின்று ஒரு குடும்பப் புகைப்படம், திரும்பும் வழியில் ஒரு பை நிறையப் பழங்கள். அத்துடன் பயணம் நிறைவுற்றுவிடுகிறது. நம் காலடியிலே, புல்லிடையிலும் இலையடியிலும் ஓர் உலகம் இயங்கிக்கொண்டிருக்கிறது என்பதை எண்ணிப் பார்ப்பவர் சிலரே. தொலைவில் உள்ளதைக் காண ஐந்து மணி நேரம் பயணம் செய்யும் நாம், அருகில் உள்ளதைக் காண ஐந்து நிமிடம் குனிவதில்லை.

குனிந்து பார்க்கும் பழக்கம் நமக்கு இளமையிலேயே ஏற்பட்டது. 1990-களில் நாம் குருமடத்தில் பயின்றுகொண்டிருந்தபோது, அங்கு போதித்த முதிய குருவானவர் ஒருவர் தம்முடைய பழைய புகைப்படக் கருவியை நமக்கு அளித்தார். படச்சுருள் ஒன்றுக்கு 36 படங்கள். அதனை வாங்கவும், கழுவவும், அச்சிடவும் ஆகும் செலவோ மாணவராயிருந்த நம் கைக்கு எளிதில் எட்டாதது. ஆகவே விடுமுறை ஒன்றுக்கு ஒரு சுருள் என்று வரையறுத்துக்கொண்டோம். பொத்தானை அழுத்துமுன் பன்முறை சிந்திக்க வேண்டியிருந்தது. இன்றோ முந்நூறு படங்கள் எடுத்து, அவற்றுள் ஒன்றை வைத்துக்கொண்டு மற்றவற்றை அழித்துவிடலாம். வசதி பெருகிவிட்டது, பொறுமை குறைந்துவிட்டதோ என்று ஐயுறுகிறோம்.

அந்நாளில் ஒருமுறை கொடைக்கானலை அடுத்த செண்பகனூருக்குச் சென்றிருந்தோம். சேசு சபையார் 1895-ஆம் ஆண்டு நிறுவிய திரு இருதயக் கல்லூரியைச் சார்ந்த இயற்கை அருங்காட்சியகம் அங்கே உள்ளது. கண்ணாடிப் பேழைகளுக்குள் வண்ணத்துப்பூச்சிகளும் வண்டுகளும் ஊசியால் குத்தப்பட்டு வரிசை வரிசையாக இருந்தன. அக்காலத்து அறிஞர்களுக்கு வேறு வழி இருந்ததில்லை. ஓர் உயிரை அறிய வேண்டுமாயின் அதனைக் கொல்ல வேண்டியிருந்தது. "நமக்கோ புகைப்படக் கருவி இருக்கிறது, ஊசி தேவையில்லை" என்று அன்று உள்ளத்துக்குள் பெருமை கொண்டோம். அந்தப் பெருமை எவ்வளவு வெறுமையானது என்பதை உணரப் பல ஆண்டுகள் சென்றன. அதனையே இங்கு எழுத முற்படுகிறோம்.

2022-ஆம் ஆண்டு மே மாதம், நமது தங்கையின் குடும்பத்தாருடன் ஏற்காடு சென்றிருந்தோம். சேலத்திலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து மேலே ஏறி, காப்பித் தோட்டம் ஒன்றின் நடுவே அமைந்த சிறு விடுதியில் தங்கினோம். தங்கையின் மகளுக்கு அப்போது வயது பத்து. நாம் குருவானவராகையால் அவள் நம்மைச் 'சாமி மாமா' என்று அழைப்பாள். வந்து இறங்கிய மாலையே விடுதியின் பின்புறத்திலிருந்து அவளது குரல் கேட்டது.

"சாமி மாமா, ஓடி வாருங்கள்! இந்தச் செடியில் யாரோ வெள்ளிக் கம்மலை மாட்டிவிட்டுப் போயிருக்கிறார்கள்!"

சென்று பார்த்தோம். அரளிச் செடியின் இலையடியில் ஒரு கூட்டுப்புழு தொங்கிற்று. கண்ணாடிபோல் பளபளக்கும் வெள்ளி நிறம். குனிந்து நோக்கினால் நம் முகமே அதில் தெரியும் போலிருந்தது. ஆங்கிலப் புத்தகங்கள் 'காமன் குரோ' என்று குறிப்பிடும் வண்ணத்துப்பூச்சியின் கூடு அது. கரும்பழுப்புச் சிறகும், அதன் ஓரங்களில் வெண்புள்ளிகளும் கொண்ட இனம்; நம் நாட்டில் எங்கும் காணலாம். இதன் புழு, ஆடுமாடும் தீண்டாத நச்சு அரளியைத் தின்றே வளர்கிறது. பறவைகள் இதனை உண்ண அஞ்சுகின்றன. இவற்றையெல்லாம் சிறுமிக்கு விளக்கினோம். அரளியைத் தொட்டால் கையைக் கழுவ வேண்டும் என்பதையும் சொல்லி வைத்தோம்.

மூன்றாம் நாள் விடியற்காலையில் கூடு கருத்திருந்தது. மெல்லிய தோலின் ஊடே மடிந்த சிறகுகளும் அவற்றின் வெண்புள்ளிகளும் தெரிந்தன. சிறிது நேரத்தில் கூடு பிளந்தது. ஈரம் தோய்ந்த பூச்சி மெல்ல வெளியேறி, வெறுங்கூட்டைப் பற்றிக்கொண்டு தலைமேலாகத் தொங்கிற்று. அதன் சிறகுகள் கசங்கிய துணிபோல் சிறுத்திருந்தன.

சிறுமி மூச்சடக்கி நின்றாள். நாமோ வெளிச்சத்தைப் பற்றிக் கவலைப்பட்டுக்கொண்டிருந்தோம். செடி சுவரின் நிழலில் இருந்தது. பின்னால் ஒரு கழிவுநீர்க் குழாய் வேறு. இரண்டு முழம் தள்ளிக் காலை வெயில் பொன்னாய் விழுந்துகொண்டிருந்தது. கிளையைச் சற்றே வளைத்து வெயிலுக்குக் கொணர்ந்து, நூலால் கட்டிவிட்டால் போதும் என்று தோன்றிற்று.

"இருக்கட்டும் மாமா, நிழலிலேயே எடுங்கள்" என்றாள் அவள்.

கேட்டோமில்லை. கிளையை வளைத்துக் கட்டினோம். ஒரு படம் எடுத்தோம். மறு படத்திற்குக் கருவியைத் திருத்தும்போது நூல் நழுவிற்று. கிளை விசையுடன் மேலெழுந்தது. பூச்சி சிமெண்டுத் தரையில் விழுந்தது.

பதறி எடுத்து ஒரு குச்சியில் பற்றச் செய்தோம். ஆனால் காலம் கடந்துவிட்டது. கூட்டிலிருந்து வெளிவந்த வண்ணத்துப்பூச்சி தொங்கிய நிலையில் இருந்தவாறே தன் உடற்சாற்றைச் சிறகின் நரம்புகளுக்குள் செலுத்துகிறது. அதனாலேயே சிறகு விரிகிறது. பின்னர் சில மணி நேரத்தில் அது காய்ந்து உறுதியாகிறது. விரியும் அந்தச் சிறு பொழுதில் விழுந்து சிறகு மடங்கிவிட்டால், மடங்கியபடியே காய்ந்துவிடும். பின்னர் எவராலும் அதனைச் சீர்செய்ய இயலாது. ஒரு பக்கச் சிறகு முற்றும் விரிந்தது. மறு பக்கம் சுருண்டே நின்றது.

"சாமி மாமா, அது இனிமேல் பறக்காதா?"

நமக்கு விடை தெரியும். எனினும் நாம் சொன்ன பதில், "பறக்கும் அம்மா, கொஞ்ச நேரம் ஆகும்" என்பதே.

அன்று பகல் முழுவதும் அவள் அதன் அருகிலேயே அமர்ந்திருந்தாள். ஏரிக்கு வர மறுத்துவிட்டாள். "ஒரு பூச்சிதானே, சாமி! இதற்காகப் பிள்ளையின் விடுமுறையைக் கெடுப்பானேன்?" என்று நம் மைத்துனர் சலித்துக்கொண்டார். மாலையில் எறும்புகள் வந்துவிட்டன. அவள் அழவில்லை. இரவு உணவின்போது தாயிடம் தாழ்ந்த குரலில், "சாமி மாமாவுக்கு முதலிலேயே தெரிந்திருந்தது, அம்மா" என்று மட்டும் சொன்னாள். அடுத்த பந்தியில் அமர்ந்திருந்த நம் செவியில் அது விழுந்தது.

ஊர் திரும்பியபின் அந்த ஒரே படத்தைக் கணினியில் திறந்து பார்த்தோம். நாம் எடுத்தவற்றுள் அதனினும் சிறந்த படம் இல்லை. ஈரச் சிறகின் ஒவ்வொரு நரம்பும், கண்ணின் ஒளியும் துல்லியமாகப் பதிந்திருந்தன. பார்த்த பங்கு இளைஞர்கள் வியந்து, ஆண்டு நாட்காட்டியில் அச்சிடலாம் என்று வேண்டினர். மறுத்தோம். காரணம் கேட்டனர். சொல்ல நா எழவில்லை. பிறருடைய குற்றங்களைச் செவிமடுத்து ஆறுதல் சொல்லும் பணியில் இருக்கும் நமக்கு, நம்முடைய சிறு குற்றம் ஒன்றை வாய்விட்டுச் சொல்வது எத்துணைக் கடினம் என்பது அன்று விளங்கிற்று. பூச்சியை வீழ்த்தியது கவனக்குறைவு. குழந்தையிடம் பொய்யுரைத்ததோ அதனினும் பெரிது.

அடுத்த மாதம் தங்கையின் இல்லம் சென்று, சிறுமியைத் தனியே அழைத்து, "அன்று நாம் சொன்னது உண்மையல்ல, அது பறக்காது என்று நமக்குத் தெரியும். உன் பேச்சைக் கேட்காததும் தவறு. மன்னித்துக்கொள்" என்றோம். அவள் சற்று நேரம் யோசித்தாள். பிறகு, "அடுத்த தடவை நான் சொல்கிறவரைக்கும் எதையும் தொடக்கூடாது" என்றாள். ஒப்புக்கொண்டோம். இதனைவிடத் தக்க அபராதத்தை எந்தக் குருவானவரும் நமக்கு விதித்திருக்க முடியாது.

அவள் பின்னர் அந்தப் பூச்சியைப் பற்றி நூலகத்தில் தேடிப் படித்திருக்கிறாள். பருவமழையை ஒட்டி, இவ்வினமும் இதன் உறவினங்களும் மேற்குத் தொடர்ச்சி மலைக்கும் கிழக்கிலுள்ள குன்றுகளுக்கும் இடையே கூட்டங் கூட்டமாகப் பயணம் செய்கின்றன என்பதை அவளே நமக்குச் சொன்னாள். நம்முடைய விடுமுறைப் பயணத்தினும் நெடிய பயணம் அது!

2023-ஆம் ஆண்டு அக்டோபரில் திண்டுக்கல்லை அடுத்த சிறுமலைக்குச் சென்றோம். இம்முறை கருவி அவள் கையில். நம் கையில் குடை மட்டும். எலுமிச்சை மரம் ஒன்றில் முசுறு எறும்புகள் இலைகளைச் சேர்த்துக் கூடு தைத்துக்கொண்டிருந்தன. சில எறும்புகள் வரிசையாக நின்று இரு இலைகளின் விளிம்புகளை இழுத்துப் பிடிக்க, வேறு சில தம் இனத்தின் இளம்புழுக்களை வாயில் கவ்வி, ஊசியும் நூலும்போல் இங்குமங்கும் அசைத்தன. புழு உமிழும் பட்டிழையே தையலாகிறது. குடையின் நிழலில் அரை மணி நேரம் அசையாது நின்று அவள் படமெடுத்தாள். பெரும்பாலானவை தெளிவற்றிருந்தன. அவற்றைப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தவள் திடீரெனக் கூவினாள்:

"மாமா, இந்த எறும்புக்கு எட்டுக் கால்!"

எண்ணிப் பார்த்தோம். எட்டேதான். எறும்பு வேடம் பூண்ட சிலந்தி அது. குதிக்கும் சிலந்தி இனத்தைச் சேர்ந்த இது, நிறத்திலும் இடையின் மெலிவிலும் முசுறு எறும்பையே ஒத்திருக்கும். முன்னங்கால் இரண்டையும் எறும்பின் உணர்கொம்புபோல் தூக்கி ஆட்டும். கடிக்கும் எறும்பென்று எண்ணிப் பகைகள் விலகிப்போகும். நாம் அந்த மரத்தடியிலேயே நின்றிருந்தும் நம் கண்ணுக்குப் புலப்படாதது, தெளிவற்ற அந்தப் படத்தில் ஒரு சிறுமிக்குப் புலப்பட்டது. மைத்துனரும் குனிந்து பார்த்தார். அதன் பின் "ஒரு பூச்சிதானே" என்று அவர் சொல்லக் கேட்டதில்லை.

பயணத்தில் பிள்ளைகளுக்கு இப்பழக்கத்தை அறிமுகப்படுத்த விரும்பும் பெற்றோருக்குச் சில குறிப்புகள். விலையுயர்ந்த கருவி தேவையில்லை. கைப்பேசியில் கவ்விக்கொள்ளும் சிறு லென்ஸ் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது; தொடக்கத்திற்கு அது போதும். விடியற்காலையே தக்க நேரம். பூச்சிகள் வெளி வெப்பத்தை நம்பியிருப்பதால், வெயில் ஏறும்வரை சோம்பி அமர்ந்திருக்கும். நம் நிழல் அவற்றின்மேல் விழாதவாறு மெல்ல அணுக வேண்டும். மேலிருந்து எடுக்காமல், மண்டியிட்டு அவற்றின் கண்மட்டத்திற்கு இறங்க வேண்டும். மிக அருகில் எடுக்கும்போது மயிரிழை அளவே தெளிவாய் விழும்; அந்த மயிரிழை கண்ணின்மேல் அமையட்டும். செயற்கை ஒளி வேண்டுமாயின் அதன்முன் ஒரு வெள்ளைத்தாளைப் பிடித்து மென்மையாக்கலாம். எடுத்த இடமும் நாளும் ஒரு நோட்டில் எழுதப்படட்டும். பெயர் தெரியாவிடில் 'ஐநேச்சுரலிஸ்ட்' போன்ற தளங்களில் படத்தை இட்டால், அறிந்தவர்கள் உதவுவர்.

எழுத்தாளர் அ. மாதவையாவின் புதல்வர் மா. கிருஷ்ணன் (1912–1996), பல கருவிகளின் உறுப்புகளை ஒன்றுசேர்த்துத் தாமே அமைத்த கேமராவைக் கொண்டு, கருப்பு-வெள்ளையிலேயே நம் நாட்டு வனவிலங்குகளைப் படமெடுத்துப் புகழ் பெற்றார். அருங்கருவி இல்லையே என்று ஏங்குவோர் அவரை நினைத்துக்கொள்வது நன்று.

தொடுவதைப் பற்றியும் ஒரு சொல். நல்ல படம் வேண்டிப் பூச்சியைக் குளிர்பதனப் பெட்டியில் வைத்து மயக்குவோரும், பசை வைத்து நிறுத்துவோரும் உண்டு. வேண்டாம். 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வண்ணத்துப்பூச்சிகள் பலவற்றிற்கும் காப்பளிக்கிறது. தமிழ்நாடு அரசு 2019-ஆம் ஆண்டு 'தமிழ் மறவன்' என்னும் வண்ணத்துப்பூச்சியை மாநிலச் சின்னங்களுள் ஒன்றாக அறிவித்தது. ஆனால் சட்டத்திற்கு அஞ்சி மட்டுமே கையடக்குவது பிள்ளைகளுக்குப் போதிய பாடமாகாது. நம் படத்திற்காக அவ்வுயிர் வாழவில்லை. அதன் வாழ்வு அதனுடையது. இதனை உணர்ந்த பிள்ளை, நாளை மனிதரிடத்தும் அவ்வாறே நடந்துகொள்ளும்.

அந்த ஏற்காட்டுப் படத்தை நாம் அழித்துவிடவில்லை. அச்சிட்டு, நாள்தோறும் கையிலெடுக்கும் செபப் புத்தகத்தினுள் வைத்திருக்கிறோம். காண்போர் "எவ்வளவு அழகு!" என்று வியக்கின்றனர். இப்போதெல்லாம் அவர்களுக்கு அதன் கதையை முழுவதும் சொல்லிவிடுகிறோம். இந்த விடுமுறைக்கும் தங்கையின் குடும்பத்தார் பயணத் திட்டம் வகுத்துவிட்டனர். குடையைத் தயாராக வைத்துக்கொள்ளும்படி நமக்கு உத்தரவு வந்திருக்கிறது.