ஐஸ், பிரம்பு, முட்டைச்சுண்ணாம்பு

வீட்டு அலங்காரப் பத்திரிகைப் படங்களில் மின்விசிறி இருப்பதில்லை.

சென்னை வீடு என்று கீழே எழுதியிருக்கிறது. கூரையில் கொக்கிகூட இல்லை.

சுவிட்ச் போர்டு இல்லை. நாள்காட்டி இல்லை. கொடியில் துண்டு இல்லை. சார்ஜர் ஒயர் இல்லை. சாமி படம் இல்லை.

படம் எடுப்பதற்கு முன்னால் யாரோ ஒருவர் இதையெல்லாம் எடுத்து வேறு அறையில் போட்டிருக்கிறார். அந்த வேறு அறையைப் பார்க்கவேண்டும்.

*

வியன்னா, 1908. அடால்ஃப் லோஸ் வடிவமைத்த அமெரிக்கன் பார். சுமார் 27 சதுர மீட்டர். நம் கணக்கில் 290 சதுர அடி.

மகோகனி, பித்தளை, பளிங்கு, ஓனிக்ஸ். விலைகூடிய பொருள் எதையும் விட்டுவைக்கவில்லை. செதுக்குவேலை மட்டும் கிடையாது. கல்லின் ரேகையே போதும் என்று நிறுத்திக்கொண்டார்.

சுவரின் மேற்பகுதி முழுக்கக் கண்ணாடி. கண்மட்டத்துக்கு மேலேதான் தொடங்குகிறது. உட்கார்ந்திருப்பவர் முகம் அதில் விழாது. கூரைக் கட்டங்கள் மட்டும் விழும். சுவருக்கு அந்தப் பக்கமும் கூரை நீண்டுகொண்டே போகும்.

இன்றைய பார்களில் கண்ணாடி முகத்துக்கு நேரே.

தான் அமைத்த அறைகள் புகைப்படத்தில் எடுபடுவதில்லை என்பதை லோஸ் 1910-இல் பெருமையாகவே எழுதினார். உள்ளே போய் உட்கார்ந்தால்தான் தெரியும் என்பது அவர் கட்சி.

நானும் அந்தக் கட்சிதான்.

*

ஐஸ் கட்டியின் நடு ஏன் வெள்ளையாக இருக்கிறது?

ஃபிரிட்ஜில் எல்லாப் பக்கமும் ஒரே நேரத்தில் உறைகிறது. தண்ணீரில் கரைந்திருந்த காற்றுக்கு ஓட வழியில்லை. நடுவில் மாட்டிக்கொள்கிறது.

ஒரே பக்கத்திலிருந்து உறையவிட்டால், உறையும் நீர் காற்றைத் தள்ளிக்கொண்டே போகும். கடைசியில் கலங்கலான பகுதியை வெட்டி எறியலாம். மீதி, பின்னால் வைத்த எழுத்தைப் படிக்கிற அளவுக்குத் தெளிவு.

இதற்கென்றே கிளைன்பெல் என்று ஒரு இயந்திரம். காக்டெய்லில் அக்கறையுள்ள பல பார்களுக்கு ஐஸ் அதிலிருந்து போகிறது. அடியிலிருந்து உறையவைக்கும். மேலே ஒரு சின்ன பம்ப் தண்ணீரை ஆட்டிக்கொண்டே இருக்கும். ஒரு பாளம் 300 பவுண்டு, ஏறத்தாழ 136 கிலோ. சில நாள் பிடிக்கும். பிறகு ரம்பம் போட்டு அறுக்கிறார்கள்.

பெரிய கட்டிக்கு, அதன் எடையைப் பார்த்தால், மேற்பரப்பு குறைவு. மெதுவாகக் கரையும். பானம் சீக்கிரம் தண்ணியாகாது. அழகுக்கு முன்னால் காரணம் இருந்திருக்கிறது.

காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் ஐஸ் பாளம் மரப்பலகையில் சறுக்கி வருகிறது. கோணி. கொக்கி. நொறுக்குகிற இயந்திரத்தின் சத்தம். தகர டப்பாவில் நீர், சுற்றிலும் உப்புநீர், அதிலே உறைந்த பாளம். உறையும்போது நடுவில் குழாய்விட்டுக் காற்று ஊதுகிற ஆலைகளும் உண்டு. பாளம் தெளிவாக வருவதற்கு.

மீன் அதைப் பார்ப்பதில்லை.

*

1999 டிசம்பர் 31. நியூயார்க், எல்ட்ரிட்ஜ் தெரு. சாஷா பெட்ராஸ்கே திறந்த 'மில்க் அண்ட் ஹனி' பார். பெயர்ப்பலகை இல்லாத கதவு. உள்ளே சில மேசைகள், மெழுகுவர்த்தி, கையால் வெட்டிய ஐஸ்.

விதிகள் எழுதி வைத்திருந்தார்கள். ஆண்கள் தொப்பியைக் கழற்றவேண்டும். ஆண்கள் பெண்களிடம் தாமாகப் போய் அறிமுகம் செய்துகொள்ளக் கூடாது. கத்திப் பேசக்கூடாது.

அதற்குப் பிறகு உலகம் முழுக்கப் பெயர்ப்பலகை இல்லாத கதவுகள். புத்தக அலமாரிக்குப் பின்னால் பார், டெலிபோன் பூத்துக்குள் பார். கதவை எல்லாரும் எடுத்துக்கொண்டார்கள். விதிகளை எடுத்துக்கொண்டவர்கள் குறைவு.

பெட்ராஸ்கே 2015-இல் இறந்தார். நாற்பத்திரண்டு வயது.

*

1833 மே. பாஸ்டனிலிருந்து 'டஸ்கனி' என்ற கப்பல். சரக்கு, குளத்து ஐஸ், சுமார் 180 டன். நான்கு மாதம். பூமத்தியரேகையை இரண்டு முறை கடந்து கல்கத்தா போய்ச் சேர்ந்தபோது ஏறத்தாழ 100 டன் மிச்சம்.

சுற்றிப் போட்டது மரத்தூள். நியூ இங்கிலாந்தின் மரம் அறுக்கும் ஆலைகளில் அது கழிவு. அனுப்பிய ஃபிரடெரிக் ட்யூடர் அதைத்தான் போர்வையாக்கினார்.

அடுத்து மெட்ராஸ். 1842-இல் கடற்கரையை ஒட்டி ஐஸுக்கு ஒரு கிடங்கு. வளைந்த முகப்பு. தடித்த சுவர்.

தன் வால்டன் குளத்து ஐஸை மெட்ராஸில் குடிப்பார்கள் என்று அமெரிக்க எழுத்தாளர் தோரோ எழுதினார். 1854. அதற்குச் சில வருடம் முன்பு, அவர் குளத்தங்கரைக் குடிசையில் இருந்தபோது, எதிரே ஆட்கள் குளத்தை அறுத்துக்கொண்டிருந்தார்கள்.

பிறகு இங்கேயே இயந்திரத்தில் ஐஸ் செய்ய வந்துவிட்டது. கிடங்கு வெறுமையாயிற்று. வக்கீல் பிலிகிரி ஐயங்கார் வாங்கினார். வராந்தாவும் சன்னல்களும் வைத்துக் குடியிருக்கும் வீடாக்கினார். 1897-இல் விவேகானந்தர் தங்கினார். அப்புறம் சகோதரி சுப்புலட்சுமியின் இளம் விதவைகள் இல்லம். இப்போது விவேகானந்தர் இல்லம்.

ஆட்டோக்காரரிடம் ஐஸ் ஹவுஸ் என்றால் போதும்.

குளிரைப் பூட்டிவைக்கக் கட்டிய சுவருக்குள் தலைமழித்த சிறுமிகள் பாடம் படித்திருக்கிறார்கள். கடலைப் பார்க்கிற சன்னல் யாருக்குக் கிடைத்தது, யார் சுவர்ப்பக்கம் உட்கார்ந்தார்கள் என்று யாராவது எழுதியிருந்தால் தேவலை.

*

டானிக் தண்ணீரைப் புறஊதாக்கதிர் விளக்கின் கீழ் வைத்தால் நீலமாக ஒளிரும். குவினைன் செய்கிற வேலை.

அந்த விளக்கு நடனம் ஆடுகிற பார்களில் உண்டு. கள்ள நோட்டு பார்க்கும் மெஷினிலும் உண்டு.

*

குவினைன் மரம் ஆண்டிஸ் மலையிலிருந்து 1860 வாக்கில் நீலகிரிக்கு வந்தது. சிங்கோனா. கிளெமெண்ட்ஸ் மார்க்கம் கொண்டுவந்தார். ஊட்டித் தோட்டத்தின் மெக்ஐவர் வளர்த்தார்.

மெக்ஐவர் ஒரு முறை கண்டார். பட்டையைக் கீற்றுக் கீற்றாக உரி. உரித்த இடத்தைப் பாசியால் மூடிக் கட்டு. பட்டை மறுபடி வரும். மரத்தை வெட்ட வேண்டாம்.

மரத்துக்குக் கட்டுப்போட்டு வைத்தியம் பார்த்துக்கொண்டே அதன் தோலை எடுப்பது.

நடுவட்டத்தில் தோட்டவேலைக்குச் சீனக் கைதிகள். அவர்களை அடைத்த சிறை இன்னும் நிற்கிறது. தேயிலைக்கு நடுவே.

எந்தக் காக்டெய்ல் மெனுவிலும் ஜின் அண்ட் டானிக்குக்குக் கீழே குவினைன் குடித்த வெள்ளைக்காரப் பட்டாளத்தின் கதை இரண்டு வரி இருக்கும். நடுவட்டம் இருந்ததில்லை. இருக்கவேண்டும்.

*

செப்புக் குவளையில் மாஸ்கோ மியூல். வோட்கா, இஞ்சி பியர், எலுமிச்சை. 1941 வாக்கில் அமெரிக்காவில் பிறந்தது. மாஸ்கோவுக்குச் சம்பந்தம் இல்லை.

2017-இல் அமெரிக்காவின் ஐயோவா மாநிலம் எச்சரித்தது. புளிப்பு செம்பைக் கரைக்கும், உள்ளே வேறு உலோகம் பூசிய குவளையில்தான் கொடுக்கவேண்டும் என்று.

ஈயம் பூசாத பித்தளையில் புளி கரைத்து ஊற்றினால் பாட்டி என்ன சொல்வாள் என்று எந்த வீட்டிலும் தெரியும்.

ஈயம் பூசலையா என்று தெருவில் கூவிக்கொண்டு வந்தவர்கள். துருத்தி, நவச்சாரம், பஞ்சு. அந்தப் புகையின் வாசனை. இப்போது பழைய பித்தளை உருளி வரவேற்பறையில். தண்ணீர், ரோஜா இதழ், மிதக்கிற விளக்கு. ஈயம் தேவைப்படாது.

ஆட்டுக்கல்லில் அல்லி.

*

சண்டிகர் நாற்காலி.

தேக்கு, பிரம்பு. கால்கள் தலைகீழ் 'V' போல. பியர் ஜான்னரே, 1950-கள். சண்டிகரைத் திட்டமிட்ட லெ கொர்புசியேயின் உறவினர். புது ஊருக்கு அரசு அலுவலகம் வந்தது, குமாஸ்தாக்கள் உட்கார நாற்காலி வேண்டியிருந்தது. அவ்வளவுதான் தேவை.

பிறகு பிளாஸ்டிக், இரும்பு. பிரம்பு கிழிந்தவை மொட்டைமாடியில் மழையில் கிடந்தன. பழைய சாமான் ஏலத்தில் போயின.

ஐரோப்பிய வியாபாரிகள் வாங்கினார்கள். பாரிஸ், லண்டன், நியூயார்க். ஒரு ஜோடிக்குப் பல லட்சம். 2011-இல் மத்திய அரசு விற்கவும் வெளியே கொண்டுபோகவும் தடை விதித்தது.

நாற்காலியின் முதுகில் வெள்ளைப் பெயின்ட் எழுத்து. எந்தத் துறை, எத்தனாவது நாற்காலி. திருட்டுப்போகாமல் இருக்க எழுதியது. ஏல நிறுவனங்கள் அதைப் படம் எடுத்துத் தனியாகக் காட்டுகின்றன. எழுத்து இருந்தால் அசல்.

அந்த எழுத்தை எழுதியவர் கை நடுங்கியிருக்கிறது. சிலதில் பெயின்ட் வழிந்திருக்கிறது.

ஜான்னரேயின் அஸ்தி சண்டிகரில் சுக்னா ஏரியில். தன் விருப்பம் என்று சொல்லிவிட்டுப் போனார். இதை நினைக்கும்போதெல்லாம் அந்த மனிதர் மேல் மரியாதை கூடுகிறது.

*

பிரம்பு பின்னுவது பற்றி.

சட்டத்தில் வரிசையாகத் துளை. முதலில் நெடுக்கில், பிறகு குறுக்கில், பிறகு இரண்டு மூலைவாட்டம். பிரம்பு நனைந்திருக்கவேண்டும். காய்ந்ததும் இழுத்துக்கொள்ளும். தட்டினால் மிருதங்கம் மாதிரி.

பார்வையற்றோர் பள்ளிகளில் இது தொழிற்பயிற்சி. விரலால் துளையை எண்ணுகிறார்கள். கண் உள்ளவர்கள் தப்பு செய்கிற மூலைவாட்டத்தில் அவர்கள் தப்பு செய்வதில்லை என்று பின்னுகிற ஒருவர் சொன்னார். கண் உள்ளவர். பொறாமையில்லாமல் சொன்னார்.

கோர்ட், தாலுகா ஆபீஸ், ரயில்வே ஓய்வறை. அந்த நாற்காலிகள் எல்லாம் யார் விரல்?

இப்போது ரோல் ரோலாகப் பின்னல் கிடைக்கிறது. வெட்டி, பள்ளத்தில் பசை போட்டு அழுத்தினால் முடிந்தது. அலமாரிக் கதவு, கட்டில் தலைமாடு, பார் கவுண்டரின் முகப்பு. எங்கும் பிரம்பு. உட்காருகிற இடத்தில் மட்டும் குறைந்துவிட்டது.

*

ஆத்தங்குடிக் கல் சூளைக்குப் போவதில்லை.

கண்ணாடித் தகடு. மேலே இரும்புச் சட்டம். அதற்குள் பூ வடிவ அச்சு. கரண்டியால் வண்ணச் சிமெண்டை அறை அறையாக ஊற்றுகிறார்கள். அச்சைத் தூக்குகிறார்கள். அந்த ஒரு நொடி. கை ஆடினால் நிறம் நிறத்தில் கலக்கும். மேலே உலர்ந்த மணல் சிமெண்ட், அதன் மேல் ஈரக் கலவை. பிறகு தண்ணீர்த் தொட்டியில் சில நாள். எடுத்துக் காயவிட்டதும் கண்ணாடி தானே விட்டுவிடும்.

அந்தப் பளபளப்பு மெருகு போட்டது அல்ல. கண்ணாடியின் முகம் சிமெண்டில் பதிந்தது.

நடக்க நடக்க மெருகேறும். மனிதர் நடமாட்டம் இல்லாத அறையில் மங்கும்.

அதே பூ இப்போது பீங்கான் டைலில் அச்சடித்து வருகிறது. சில கற்களுக்கு ஒருமுறை அதே கறை, அதே இடத்தில். கையால் வந்த தப்பையும் சேர்த்து அச்சடித்திருக்கிறார்கள். அதைக் கண்டுபிடித்துவிட்டால் பிறகு அந்தத் தரையில் வேறெதுவும் கண்ணில் படாது.

*

காரைக்குடி, முனீஸ்வரன் கோயில் தெரு. பழைய சாமான் கடைகள்.

பர்மாத் தேக்குத் தூண்கள் சாய்த்து வைத்திருக்கிறது. கதவு நிலை. எனாமல் தூக்கு. பீங்கான் ஊறுகாய் ஜாடி. யார் என்று தெரியாத ஆச்சிகளின் புகைப்படம், சட்டத்துடன். சட்டத்துக்குத்தான் விலை.

ஒரு வீட்டுக்கு ஏகப்பட்ட பங்காளிகள். சிங்கப்பூரில் ஒருவர், சென்னையில் நாலு பேர், இருக்குமிடம் தெரியாதவர் ஒருவர். எல்லாரும் கையெழுத்துப் போட்டால்தான் ஓடு மாற்றலாம். ஓடு மாற்றாத வீட்டில் மழை இறங்கும். மழை இறங்கினால் தேக்கு விலைக்கு வரும்.

தூண் பெங்களூரில் ஒரு மதுக்கூடத்தில் நிற்கிறது. கூரையைத் தாங்கவில்லை. அதற்கு மேல் ஃபால்ஸ் சீலிங்.

தூணில் ஒரு ஆள் உயரத்துக்குக் கறுத்த வழவழப்பு. எண்ணெய் தேய்த்த முதுகுகள் சாய்ந்து சாய்ந்து வந்தது. கடைக்காரர் அதைச் சுரண்டி வார்னிஷ் அடித்துத் தருகிறேன் என்கிறார். வேண்டாம் என்று வாங்குபவர் சொல்லவேண்டும் என்று மனசுக்குள் வேண்டிக்கொண்டேன்.

*

இலங்கையில் தென்னஞ்சாராயம். பாளையிலிருந்து இறக்கிய கள்ளைக் காய்ச்சி வடித்து, ஹல்மில்லை மரப்பீப்பாயில் வைப்பது. மரத்துக்கு மரம் கயிறு கட்டி, அந்தரத்தில் நடந்தே போகிறார்கள் இறக்குகிறவர்கள். இறங்கி ஏறும் நேரம் மிச்சம்.

லண்டன் காக்டெய்ல் பார்களில் அது இப்போது கௌரவமான புட்டி.

தமிழ்நாட்டில் 1987 முதல் கள்ளுக்குத் தடை. பனை மாநில மரம்.

*

விஸ்கி சவர். எலுமிச்சை, சர்க்கரைப் பாகு, விஸ்கி, ஒரு முட்டையின் வெள்ளைக்கரு. முதலில் ஐஸ் இல்லாமல் குலுக்கவேண்டும். அப்போதுதான் நுரை கட்டும். பிறகு ஐஸ் போட்டு இன்னொரு முறை.

நுரையின் மேல் மூன்று சொட்டு அங்கோஸ்தூரா பிட்டர்ஸ். ஊசியால் இழுத்து இலை வரைகிறார்கள்.

அந்தப் புட்டியின் லேபிள் புட்டியைவிடப் பெரிது. கழுத்தின் மேல் மடங்கி நிற்கிறது. யாரும் சரிசெய்யவில்லை. அதுவே அடையாளமாகிவிட்டது.

*

செட்டிநாட்டுச் சுவரில் கை வைத்தால் கோடையிலும் குளிர்ச்சி.

சுண்ணாம்பை ஊறவைத்துப் புளிக்கவிட்டு, அரைத்து, மெல்லிய பூச்சுகளாக ஒன்றன்மேல் ஒன்று. கடுக்காய், வெல்லம் ஊறிய தண்ணீர். கடைசிப் பூச்சில் முட்டையின் வெள்ளைக்கரு. பிறகு வழவழப்பான கூழாங்கல்லால் தேய்ப்பு. முகம் தெரிகிறவரை.

நூறு வருடம் வெள்ளையடிக்காத சுவர்கள் இருக்கின்றன.

ஒரு வீட்டுக்கு எத்தனை கூடை முட்டை போயிருக்கும்? மஞ்சள்கருவை என்ன செய்தார்கள்? சமைத்தார்களா? அசைவம் புழங்காத வீடென்றால்? கொத்தனார்களின் பிள்ளைகள் தின்றிருந்தால் நல்லது.

அடுத்த முறை அந்தப் பக்கம் போகும்போது பெரிய கொத்தனாரைப் பார்த்துக் கேட்கவேண்டும். வெள்ளைக்கருவை நுரைக்க அடித்துச் சேர்ப்பதா, அப்படியே ஊற்றுவதா. தேய்க்கிற கல் எந்த ஆற்றுக்கல். இப்போது யாருக்குச் சொல்லிக்கொடுக்கிறார்.