உப்புக்காற்றும் உருகிய உலோகமும்

உப்புக்காற்று இரும்பைத் தின்றுவிடும் என்பதை மரக்காணம்காரர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. கிழக்குக் கடற்கரைச் சாலையோரம் உப்பளங்கள் விரிந்து கிடக்கும் இந்த விழுப்புரம் மாவட்ட ஊரில் ஜன்னல் கம்பி, சைக்கிள் செயின் எல்லாமே சீக்கிரம் துருப்பிடிக்கும். அதனால் பெரிய ஆபத்து ஒன்றுமில்லை. ஆனால் உருகிய உலோகம் நிறைந்த மூசையைத் தூக்கும் இடுக்கி துருப்பிடித்தால்?

பழைய அலுமினியத்தை வீட்டிலேயே உருக்கி வார்க்கும் ஆசை பலருக்கு உண்டு. அலுமினியம் 660 டிகிரி செல்சியஸில் உருகும். செம்புக்கு 1085 டிகிரி வேண்டும். அடுப்பை எப்படிக் கட்டுவது என்பதில்தான் எல்லோருடைய கவனமும் இருக்கும். அடுப்பு சரியில்லை என்றால் பெரும்பாலும் உலோகம் உருகாது, அவ்வளவுதான். இடுக்கி சரியில்லை என்றால் கால் வெந்துவிடும்!

இடுக்கி மூசையின் விளிம்பைக் கவ்வக் கூடாது, விளிம்பு உடையும். வயிற்றுப் பகுதிக்குக் கீழே அணைத்துப் பிடிக்க வேண்டும். எனவே மூசையை வாங்கிய பிறகே அதன் அளவுக்கு இரும்புப் பட்டையை வளைக்க வேண்டும். தூக்க ஓர் இடுக்கி, ஊற்ற வளையம் வைத்த நீண்ட பிடி என இரண்டு தேவை. ஜி.ஐ. பைப் வேண்டாம். அதன் துத்தநாகப் பூச்சு சூட்டில் புகைந்தால் காய்ச்சலும் நடுக்கமும் வரும். செய்து முடித்ததும், ஆறிய மூசையில் மணலை நிரப்பித் தூக்கியும் ஊற்றியும் பழக வேண்டும்.

உப்பு இன்னொரு வேலையும் செய்யும், ஈரத்தை இழுக்கும். தண்ணீர் நீராவியானால் சுமார் 1700 மடங்கு விரியும். ஈரமான கரண்டி உருகிய உலோகத்துக்குள் போனால் உலோகம் வெடித்துச் சிதறும். கும்பகோணம் அருகே சுவாமிமலைச் சிற்பிகள் மண் அச்சைச் சுட்டு, சூடு ஆறும் முன்பே உலோகத்தை ஊற்றுகிறார்கள். மெழுகோடு ஈரமும் போய்விடுகிறது. கடலோரத்தில் கரண்டியையும் வார்ப்பு அச்சையும் அதேபோல் முன்கூட்டியே சூடாக்கிக்கொள்வது அவசியம். சிமெண்ட் தரையிலும் ஈரம் இருக்கும், சிந்தினால் தரை வெடிக்கும். கீழே உலர்ந்த மணல் பரப்ப வேண்டும்.

பெயின்ட் அடித்துவிட்டோம் என்று நிம்மதியாக இருக்க முடியாது. பெயின்ட்டுக்கு அடியிலும் துரு வளரும். ஒவ்வொரு முறையும் அடுப்பை மூட்டும் முன் இடுக்கியின் ரிவெட்டையும் வெல்டிங்கையும் சுரண்டிப் பார்க்க வேண்டும். சந்தேகம் வந்தால் அன்று அடுப்பை மூட்டாமல் இருப்பதே நல்லது.