வாப்பாவின் காரில் கேட்ட சத்தம்

எங்கள் வாப்பா விட்டுச்சென்ற பொருள்களுள் ஒன்று, 1998ஆம் ஆண்டுத் தயாரிப்பான வெள்ளை மாருதி 800. அவர்கள் வஃபாத்தானபின் வங்கிக் கணக்கும் வீட்டுப் பத்திரமும் ஒருவாறு தீர்ந்தன. கார் மட்டும் காயல்பட்டினத்து வீட்டின் முன் ஓராண்டுக் காலம் கடற்காற்றில் நின்றது. சகோதரர்களாகிய நாங்கள் இருவரும் வெளியூரில் பிழைப்பவர்கள். உம்மாவுக்குக் கார் ஓட்டத் தெரியாது. தங்கையின் வீட்டில் ஏற்கெனவே ஒரு கார் உண்டு. ஆகவே 2019ஆம் ஆண்டு விடுமுறையில் அதை விற்று, மார்க்கம் வகுத்தபடி பங்கு பிரித்துவிடலாம் என்று முடிவு செய்தோம்.

பெயர் மாற்றும் வேலைகள் முடிந்ததும் ஒருமுறை நெடுந்தூரம் ஓட்டிப் பார்ப்பதற்காகத் திருநெல்வேலிக்குச் சென்று வந்தோம். குரும்பூரிலும் ஆழ்வார்திருநகரியிலும், திறந்த சாலையில், எதுவும் எங்கள் காதில் விழவில்லை. திரும்பி வந்து எங்கள் தெருவின் நெருங்கிய சுவர்களுக்கிடையே நுழைந்தபோதுதான் அந்தச் சத்தம் கேட்டது. டக், டக், டக் என்று யாரோ எஞ்சினுக்குள்ளிருந்து கதவைத் தட்டுவதுபோல் இருந்தது. காற்றோடு கலந்து மறைந்திருந்த ஒலியைச் சுவர்கள் எங்களிடமே திருப்பி அனுப்பின.

மறுநாள் ஒரு பட்டறைக்குச் சென்றோம். அங்கிருந்தவர் பானெட்டைத் திறந்து இரண்டு முறை ரேஸ் செய்து பார்த்தார். கனெக்டிங் ராடு பேரிங் தேய்ந்துவிட்டது, எஞ்சினை இறக்கிப் பிரிக்க வேண்டும், 20,000 ரூபாய் ஆகும் என்றார். அருகில் நின்ற தரகர் எங்களைத் தனியே அழைத்தார். "விற்கப்போகிற வண்டிக்கு இவ்வளவு செலவு எதற்கு? பழைய ஆயிலை எடுத்துவிட்டுக் கெட்டியான ஆயிலை ஊற்றுங்கள். சத்தம் அடங்கிவிடும். 45,000 ரூபாய்க்கு நான் முடித்துத் தருகிறேன்" என்றார்.

அவர் சொன்னதில் நுட்பம் இருந்தது. தேய்ந்த பேரிங்கின் இடைவெளியைக் கெட்டியான ஆயில் சில நாள் நிரப்பி வைக்கும், ஒலி மங்கும். தேய்மானமோ அப்படியே இருக்கும். வாங்கியவர் சில நூறு கிலோமீட்டர் ஓட்டியபின் அது மீண்டும் தட்டும். அப்போது சாவி அவர் கையில் இருக்கும். பணம் நம் கையில் இருக்கும்.

நாங்கள் அதை உடனே மறுத்துவிட்டோம் என்று எழுத ஆசைதான். ஆனால் அன்றிரவு வெகுநேரம் அதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம் என்பதே உண்மை. பேச்சுக்கு நியாயமான ஒரு சட்டையும் அணிவித்தோம். இது எங்கள் பணம் மட்டுமன்று; இதில் உம்மாவுக்கு எட்டில் ஒரு பங்கு இருக்கிறது, தங்கைக்கும் பங்கு இருக்கிறது; அவர்களுடைய உரிமையைக் குறைக்க நாம் யார் என்று கேட்டுக்கொண்டோம். தவறு செய்ய விரும்பும் மனம் பிறருடைய ஹக்கைப் பற்றி எவ்வளவு அக்கறையாகப் பேசுகிறது என்பதை நாங்கள் அப்போது கவனிக்கவில்லை.

கவனித்தவர் உம்மாதான். அடுக்களை வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தவர், "என் பங்கைச் சொல்லி அந்தக் காரியத்தைச் செய்யாதீங்க வாப்பா. அந்தக் காசு எனக்கு வேணாம்" என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

அதன்பின் பேச எதுவும் இருக்கவில்லை. நபி (ஸல்) அவர்கள் கடைவீதியில் ஒரு தானியக் குவியலுக்குள் கையை நுழைத்துப் பார்த்த நிகழ்வு ஸஹீஹ் முஸ்லிமில் பதிவாகியிருக்கிறது. ஜும்ஆ பயான்களில் நம்மில் பலர் அதைக் கேட்டிருப்போம். மேலே உலர்ந்திருந்த தானியம் உள்ளே ஈரமாக இருந்தது. மழையில் நனைந்துவிட்டது என்றார் விற்றவர். நனைந்ததற்காக அவர்கள் அவரைக் கடிந்துகொள்ளவில்லை. மக்கள் பார்க்கும்படி அந்த ஈரத்தை மேலே வைத்திருக்கக் கூடாதா என்றுதான் கேட்டார்கள். கெட்டியான ஆயில் என்பது ஈரத்தின் மேல் பரப்பிய உலர்ந்த தானியம். அவ்வளவு எளிய ஒப்புமை அந்த இரவில் எங்களுக்கு நேரத்தோடு தோன்றவில்லை.

முதலில் உண்மை என்னவென்று அறிய வேண்டும் என்று, வாப்பா முன்பெல்லாம் வண்டியை விடும் மூத்த மெக்கானிக்கைத் தேடிச் சென்றோம். அவர் ரேஸ் செய்யவில்லை. டிப் ஸ்டிக்கை உருவிப் பார்த்தார். ஆயில் கீழ்க்கோட்டுக்கும் கீழே, கறுத்துக் கிடந்தது. "ஓராண்டாக இதையும் பார்க்கவில்லையா, தம்பிகளா?" என்று கேட்டுவிட்டு, அளவுக்கு ஆயில் நிரப்பி எஞ்சினை ஓட்டினார். சத்தம் நிற்கவில்லை.

பிறகு நீளமான ஸ்க்ரூடிரைவர் ஒன்றை எடுத்து, முனையை எஞ்சினின் அடிப்பகுதியில் வைத்து, கைப்பிடியைக் காதோரம் அழுத்திக் கேட்டார். அங்கே ஒலி மங்கலாக இருந்தது. மேலே டேப்பட் கவரின் மீது வைத்தபோது தெளிவாகக் கேட்டது. எங்களையும் கேட்கச் செய்தார். அடுத்து எஞ்சினை நிறுத்தி, ஒரு பிளக் வயரைக் கழற்றி எர்த் கொடுத்துவிட்டு மீண்டும் ஓட்டினார். மூன்று சிலிண்டர்களுக்கும் ஒவ்வொன்றாக அப்படியே செய்தார். பேரிங் தட்டுவதாக இருந்தால், அந்தச் சிலிண்டரில் தீ எரியாதபோது பாரம் குறைந்து ஒலி மாறும் என்று விளக்கினார். எதைக் கழற்றியும் ஒலி மாறவில்லை. எஞ்சின் இரண்டு சுற்றுச் சுற்றினால் கேம்ஷாஃப்ட் ஒரு சுற்றுத்தான் சுற்றும். ஆகவே டேப்பட் ஒலி எஞ்சின் வேகத்தில் பாதியாகவே கேட்கும். நிமிடத்துக்கு 850 சுற்றில் எஞ்சின் ஓடினால், ஒரு வால்வு 425 முறை தட்டும். எங்களுக்குக் கேட்டது அந்தப் பாதி வேகத் தட்டல்தான்.

எஞ்சின் ஆறியபின்தான் கவரைத் திறப்பேன் என்று சொல்லிவிட்டார். அஸர் தொழுதுவிட்டு வந்து, மேலும் நெடுநேரம் காத்திருந்தோம். திறந்தபோது காரணம் கண்ணுக்கே தெரிந்தது. ஆறு வால்வுகளில் ஒன்றின் சரிசெய்யும் திருகைப் பிடித்திருக்கும் லாக் நட் தளர்ந்து, இடைவெளி விரிந்திருந்தது. ஃபீலர் கேஜின் மெல்லிய தகடுகளை நுழைத்து ஆறு வால்வுகளையும் அளந்து சரிசெய்தார்.

மீண்டும் ஓட்டியபோது மெல்லிய கிட்கிட் ஒலி மட்டும் எஞ்சியிருந்தது. அதையும் போக்கிவிடலாமே என்றோம். அவர் மறுத்தார். "இடைவெளியை ஒரேயடியாக இறுக்கினால் சத்தம் போய்விடும். வால்வு முழுதாக மூடாமல் கருகிவிடும். தட்டுகிற டேப்பட்டைக் காது கண்டுபிடிக்கும். இறுகின டேப்பட்டை யார் கண்டுபிடிப்பது?" என்றார்.

புதிய ஆயில், ஃபில்டர், கவர் கேஸ்கெட், கூலி எல்லாம் சேர்த்து 1,900 ரூபாய் ஆயிற்று. அதை நாங்கள் இருவரும் ஏற்றுக்கொண்டோம். இருபதாயிரம் ரூபாய்ப் பழுதை மறைப்பதாக எண்ணி நாங்கள் ஓர் இரவு முழுவதும் பேரம் பேசியது, இல்லாத ஒரு பழுதுக்காக.

புறப்படும்போது அவர் இன்னொன்றும் சொன்னார். காலையில் முதலில் ஓட்டும்போது சைலன்சரில் நீலப் புகை வருகிறது. வால்வு சீல்கள் இறுகிப்போயிருக்கின்றன. ஆயில் சிறிது சிறிதாக எரியும். இப்போதைக்கு ஓடும், ஆனால் அடிக்கடி அளவு பார்க்க வேண்டும் என்றார். இந்தப் பழுதுக்குச் சத்தமே இல்லை. மாலையில் சூடான எஞ்சினை ஓட்டிக் காட்டினால் எவருக்கும் தெரியாது.

வாங்க வந்தவர் சிறிய துணிக்கடை வைத்திருக்கும் இளைஞர். முதல்முறையாகக் கார் வாங்குகிறவர். அவரைச் சுபுஹுக்குப் பிறகு வரச்சொன்னோம். குளிர்ந்த எஞ்சினை அவர் முன்னால் ஓட்டி, புகையைக் காட்டி, மெக்கானிக் சொன்னதை ஒன்றுவிடாமல் சொன்னோம். அவர் முகம் மாறியது. யோசித்துச் சொல்கிறேன் என்று போய்விட்டார். இரண்டு நாள் எந்தத் தகவலும் இல்லை. தரகர் எங்களைப் பார்த்துச் சிரித்தார். வருத்தமாக இருந்தது என்பதை மறைப்பதற்கில்லை.

மூன்றாம் நாள் அவர் அந்த மெக்கானிக்கையே அழைத்து வந்து, 38,000 ரூபாய்க்குக் கேட்டார். கொடுத்துவிட்டோம். வாப்பாவுக்குக் கடன் எதுவும் மிச்சம் இல்லாததால் அன்றே பங்கிட்டோம்: உம்மாவுக்கு 4,750, தங்கைக்கு 6,650, எங்களுக்குத் தலா 13,300. தரகர் சொன்ன விலையைவிட 7,000 குறைவு. உம்மா தம் பங்கை எண்ணிப் பார்க்காமல் முந்தானையில் முடிந்துகொண்டார்.

சகோதரர்களே, நம் வீடுகளில் விற்பதற்கென்று ஏதேனும் ஒரு பொருள் எப்போதும் இருக்கும். வண்டியோ, நிலமோ, பழைய கைப்பேசியோ. அதன் குறையை நம்மைவிட அறிந்தவர் வேறு எவரும் இல்லை. வாங்குகிறவரைக் காலையில் வரச்சொல்வோம். குறையைத் தெரிந்துகொண்டே வாங்குகிறவரின் பணத்தில் வல்ல அல்லாஹ் நமக்கு பரக்கத் செய்வானாக. எங்கள் வாப்பாவின் பிழைகளை அவன் பொறுத்தருள்வானாக. ஆமீன்.