ஒரு வீடு, இரண்டு ரௌட்டர்

எல்லைப் பிரச்சினை என்றால் என்னவென்று பள்ளிப்பட்டுக்காரர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ம.பொ.சி. நடத்திய வடக்கெல்லைப் போராட்டம், பிறகு படாஸ்கர் சொன்ன தீர்வு... எல்லாம் முடிந்து 1960 ஏப்ரல் 1 அன்றுதான் திருத்தணியோடு இந்தப் பகுதியும் ஆந்திராவிலிருந்து சென்னை மாநிலத்துக்கு வந்தது. அந்தப் பிரச்சினை ஒரு வீட்டுக்குள்ளேயே வந்தால் எப்படி இருக்கும்?

ஊரில் ஒரு பழைய வீடு. முன்கூடத்தில் ரௌட்டர், தம்பி படிப்பதோ பின்கட்டில். நடுவே கனமான சுவர்கள். பொறியியல் கலந்தாய்வு 2018 முதல் ஆன்லைனில்தானே நடக்கிறது! கல்லூரிகளை வரிசைப்படுத்திக் கொடுக்க அன்று மாலையோடு கெடு. பரணில் சும்மா கிடந்த இன்னொரு ரௌட்டரை எடுத்தான், கேபிளை இழுத்தான், இரண்டையும் மாட்டினான். பின்கட்டில் சிக்னல் முழுசாக வந்தது. ஆனால் பக்கம் திறக்கவில்லை. கொஞ்ச நேரத்தில் முன்கூடத்திலும் நெட் விட்டு விட்டு வந்தது.

"இருந்ததையும் கெடுத்துட்டியேடா" என்றார் அப்பா.

கல்லூரியிலிருந்து வந்த அக்கா சொன்னது ஒன்றுதான்: "டேய், முதல்ல அந்தக் கேபிளைக் கழட்டு."

நடந்தது இதுதான். உலகத்துக்கே இருக்கும் பழைய வகை ஐ.பி. எண்கள் சுமார் 430 கோடி. அது போதாது என்பதால் வீடுகளுக்கும் அலுவலகங்களுக்கும் உள்ளே மட்டும் புழங்க சில எண்களை 1994ல் ஒதுக்கி வைத்தார்கள். 192.168 என்று தொடங்குவது அதில் ஒன்று. பல ரௌட்டர்கள் கடையிலிருந்து வரும்போதே 192.168.1.1 என்ற எண்ணோடுதான் வரும். ஆக, ஒரே வீட்டில் ஒரே எண்ணில் இரண்டு பேர்! போதாததற்கு, வருகிற போனுக்கெல்லாம் இருவருமே எண் கொடுக்கிறார்கள். அந்த வேலைக்குப் பெயர் டி.எச்.சி.பி. ஒரே நிலத்துக்கு இரண்டு மாநிலமும் பட்டா கொடுத்தால் எப்படி? அப்படித்தான்.

அக்கா செய்தது நாலே காரியம்.

1. இரண்டாவது ரௌட்டரைத் தனியாக லேப்டாப்பில் இணைத்து, அதன் எண்ணை 192.168.1.2 ஆக்கினாள்.

2. அதில் டி.எச்.சி.பி.யை அணைத்தாள். முதல் ரௌட்டர் 100க்கு மேல் உள்ள எண்களை மட்டும் கொடுக்கும்படி வைத்தாள். இனி 2 வேறு யாருக்கும் போகாது.

3. வைஃபை பெயரும் பாஸ்வேர்டும் இரண்டிலும் ஒன்றே. சேனல் மட்டும் வேறு: முன்னால் 1, பின்னால் 6.

4. கேபிளை லேன் துளையிலிருந்து லேன் துளைக்கே மாட்டினாள். ஒரே ஒரு கேபிள்தான். இரண்டு போட்டால் தகவல் வட்டமடித்தே நெட்வொர்க் படுத்துவிடும்.

வேன் துளையில் மாட்டினால் ஆகாதா? ஆகும். முதல் ரௌட்டர் 192.168.1 என்றால் இரண்டாவதுக்கு 192.168.2 என்று வேறு வரிசை கொடுக்க வேண்டும். அப்போது வீட்டுக்குள் தனி நாடு ஒன்று உருவாகும். முன்கூடத்துப் பிரிண்டரைப் பின்கட்டு லேப்டாப் தானாகக் கண்டுபிடிக்காது.

கெடு முடிய நேரம் இருக்கும்போதே தம்பி பட்டியலைப் பூட்டிவிட்டான். அப்பா ஒரு துண்டுக் காகிதத்தில் 192.168.1.2 என்று எழுதி இரண்டாவது ரௌட்டரின் மேல் ஒட்டினார். அடுத்த முறை அக்கா ஊரில் இல்லாவிட்டால் என்ன செய்வது?